ஓகஸ்டில் ஒரு மாதம் வீடு பூட்டியிருக்கும்: பண்டாரவளையில் பூச்சாடிகளுக்கு என்ன வழி?

அந்தூரியம் அம்மா, பண்டாரவளை

எல்லோருக்கும் வணக்கம். மகள் வத்தளையில் இருக்கிறாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். ஓகஸ்ட் முதல் வாரம் நான் அங்கே போனால், தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். எப்படியும் ஒரு மாதம் ஆகும். மகன் கட்டாரில். வீட்டில் வேறு ஆளில்லை.

என்னிடம் இருக்கும் செடிகளைச் சொல்கிறேன். விறாந்தையில் அந்தூரியம், இருபது சாடி போல். அதில் பாதி, என் அம்மா தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்த காலத்தில் பங்களாத் தோட்டக்காரர் கொடுத்த ஒரே கன்றிலிருந்து பிரித்துப் பிரித்து வந்தவை. அம்மா போய்விட்டார், அவர் கைபட்ட செடி இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன். கூரை ஓரத்தில் தொங்கும் கூடைகளில் பியூஷியா. முன்பக்கம் நிலத்தில் ஒரு வரிசை ரோஜா. பெரிய தகர டின்னில் கறிவேப்பிலை. பழைய பேசினில் வல்லாரை. படிக்கட்டில் சின்னச் சின்னக் கள்ளிச் சாடிகள்.

இந்த மாதங்களில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பைப்பில் மாட்டும் டைமர் சரிவராது. கூரைத் தண்ணீர் பிடித்த நீல பெரல் ஒன்று பின்பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்தால் மறுக்க மாட்டார். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து ஒரு பெரிய படிக்கட்டு ஏற வேண்டும். தினமும் வரச் சொல்ல மனம் வரவில்லை.

போத்தலைக் கவிழ்த்து வைப்பது, திரி போடுவது என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் எது நிற்கும் என்று செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.


சாரல்காடு, வட்டவளை

அக்கா, முதலில் வாழ்த்துகள். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

இவ்வளவு யோசிக்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். எல்லாச் சாடிகளையும் விறாந்தையிலிருந்து இறக்கி வானம் பார்க்க வைத்துவிடுங்கள். மலைநாட்டில் ஓகஸ்டில் தூறல் நிற்கிறதா? நாங்கள் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது செடிகள் போகும்போது இருந்ததைவிடச் செழிப்பாக இருந்தன. எங்களுக்கு உள்ள பயமெல்லாம் வேர் அழுகுவதுதான்.


நர்சரிக்காரி, அப்புத்தளை

வட்டவளைத் தம்பி சொன்னது வட்டவளைக்கு முழுக்கச் சரி. இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று அது. ஆனால் தங்கச்சி இருப்பது மலையின் மறுபக்கம். மே தொடக்கம் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்று தன் தண்ணீரையெல்லாம் உங்கள் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும். பட்டிப்பொலைச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மழைக்கோட்டு, இந்தப் பக்கம் கண் கூசும் வெயில். அந்த உலர்ந்த காற்றால்தான் யூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வருகிறது. தேயிலைக்கு நல்லது, சாடிச் செடிக்கு எமன். தங்கச்சி, தயவுசெய்து அந்தூரியத்தை வானம் பார்க்க வைக்காதீர்கள்.

நான் தோட்டத்துத் தேயிலை நர்சரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டு வாசலில் கன்று விற்கிறேன். எனக்குத் தெரிந்ததை விளக்கமாகவே சொல்கிறேன்.

எல்லோரும் தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். செடி எவ்வளவு குடிக்கும் என்பதைக் குறைப்பதுதான் முதல் வேலை. வீ.பி. தேயிலைக் கன்று, அதாவது விதை போடாமல் துண்டு வைத்து வளர்ப்பது, எப்படிப் போடுகிறோம் என்று பாருங்கள். ஒரு இலை, ஒரு கணு, விரல் நீளத் துண்டு. வேரே கிடையாது. அதை வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். ஆனால் மண் நிரப்பிய பொலித்தீன் பையில் குத்தி, நன்றாக நனைத்து, மூங்கில் வளைத்துப் பொலித்தீன் போர்த்தி, ஓரத்தை மண்ணால் மூடி, மேலே நிழல் கொடுத்துவிட்டால், அதே துண்டு வாரக்கணக்கில் வாடாமல் நின்று வேர் விடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பொலித்தீனின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்திருக்கும். விரலால் சுண்டினால் சரசரவென்று வழிந்து மண்ணுக்கே திரும்பப் போகும். இலை விட்ட தண்ணீர்தான் அது. வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான். வேர் இல்லாத துண்டுக்கே இது போதுமென்றால், வேர் உள்ள அந்தூரியத்துக்குப் போதாதா?

ஆகவே அந்தூரியத்துக்கு நான் சொல்வது கூடாரம். வெயில் நேரே படாத, வீட்டின் காற்று மறைவான பக்கத்தில், எல்லாச் சாடிகளையும் இலையோடு இலை உரச நெருக்கி வையுங்கள். போவதற்கு முந்தின நாள் ஒவ்வொன்றுக்கும் அடியால் வழிய வழிய ஊற்றி, வடிய விடுங்கள். மறுநாள் காலை இலையில் ஈரம் இல்லாதபோது, நாலு மூலையிலும் கம்பு நட்டு, இலையில் படாமல் பொலித்தீனைப் போர்த்தி, ஓரங்களில் கல் வையுங்கள். பூக்கள் எல்லாவற்றையும் அதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். பழுத்த இலை, காய்ந்த மடல் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. மூடிய ஈரத்தில் பூஞ்சணம் அதில்தான் தொடங்கும். வெயில் படும் இடத்தில் மட்டும் கூடாரம் போடவே வேண்டாம், உள்ளே எல்லாம் வெந்துவிடும்.

உங்கள் அந்தூரியம் தும்புத்தூளில் இருக்கிறதா? அப்படியென்றால் மேலே பார்த்து ஏமாற வேண்டாம். மேலே பழுப்பாகக் காய்ந்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். சாடியைத் தூக்கிப் பார்ப்பதுதான் சரியான கணக்கு. கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது.

பியூஷியாவைக் கட்டாயம் இறக்குங்கள். கூரை ஓரத்தில் தொங்கும் கூடைக்கு நாலு பக்கமும் காற்று. வெயில் இல்லாத நாளிலும் கொடியில் போட்ட துணி எங்கள் பக்கத்துக் காற்றுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், கூடை மண்ணும் அப்படித்தான். இறக்கி, கிளைகளைப் பாதிக்கு வெட்டி, மண் தரையில் நிழலில் வையுங்கள். வெட்ட மனம் வராது, தெரியும். வெட்டுங்கள். செப்டம்பரில் புதுக்கொத்து வரும்.

ரோஜாவுக்கு மொட்டுகளைக் கிள்ளி, இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து வேர் ஆழம் நனைய ஊற்றி, உடனே மூடாக்குப் போடுங்கள். மானாப் புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. வெட்டிக் காயவைத்து நாலு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். தேயிலைக் கன்று நட்ட புது நிலத்தை வறட்சியில் காப்பாற்றுவதும் இந்தப் புல்தான். நிலத்தில் வேர் விட்ட ரோஜா இவ்வளவு செய்தாலே ஒரு மாதம் தாங்கும்.

கறிவேப்பிலையை ஒட்டப் பறித்து அக்கம் பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுங்கள். இலை குறைந்தால் தாகமும் குறையும். கள்ளிச் சாடிகளை யாரும் தொடாமல் இருந்தாலே போதும்.

கடைசியாக ஒன்று. போகிற நேரத்தில் செடிக்குத் தெம்பு வரட்டும் என்று உரம் போடாதீர்கள். புதுத் துளிர் வந்தால் அது கூடுதலாகக் குடிக்கும்.


குழாய்ப்பொறி, பதுளை

நர்சரி அம்மா சொன்னதற்கு மேல் ஒரு சின்னச் சேர்க்கை. கூடாரத்துக்குள் வைக்க முடியாத பெரிய சாடிகளுக்கு நான் சேலைன் செட் பாவிக்கிறேன். பார்மசியில் புதிதாக வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றி எறிந்ததை எடுக்கவே கூடாது.

கணக்கு இதுதான். வழக்கமான பெரியவர்களுக்கான செட்டில் 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலீட்டர். பக்கெட்டிலேயே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். 30 செக்கனுக்கு ஒரு துளி விழும்படி சக்கரத்தைத் திருகினால், ஒரு நாளைக்கு 2880 துளி. அதாவது 144 மில்லிலீட்டர். 5 லீட்டர்ப் போத்தல் ஒன்று 34 நாள் வரும். ஒரு மாதத்துக்கு அளந்து வைத்ததுபோல இருக்கும். பெரிய டின்னில் உள்ள கறிவேப்பிலைக்கு, இலை பறித்த பிறகு, அது போதும்.

போத்தலின் மூடியில் சூடான ஆணியால் துளை போட்டு, செட்டின் கூர்முனையை இறுக்கமாகச் செருகி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். மேலே வரும் அடிப்பாகத்தில் காற்றுக்கு ஒரு ஊசித் துளை. அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும்.

இரண்டு விஷயத்தில் கவனம். போத்தலை ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். தண்ணீர் குறையக் குறைய அழுத்தமும் குறைந்து துளி மெதுவாகும். உயரத்தில் இருந்தால் அந்த வித்தியாசம் சிறிதாகிவிடும். மற்றது, வெளிச்சம் பட்டால் போத்தலுக்குள் பாசி பிடித்து ட்யூப் அடைக்கும். கறுப்பு பொலித்தீன் சுற்றிவிடுங்கள். பெரல் தண்ணீர் என்றால் பழைய பருத்திச் சேலைத் துண்டில் இரண்டு தரம் வடிகட்டி ஊற்றுங்கள். குரங்கு வருகிற இடம் என்றால் இதை நம்ப வேண்டாம், பிடுங்கிவிடும்.

போத்தலைச் சும்மா கவிழ்த்து மண்ணில் குத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். களிமண் கலந்த இறுக்கமான மண்ணில் மெதுவாக இறங்கும். தும்புத்தூளில் ஒரே நாளில் காலியாகிவிடும்.


அந்தூரியம் அம்மா, பண்டாரவளை

நர்சரி அக்கா, தம்பிமார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேர் இல்லாத துண்டைப் பற்றிச் சொன்னது மனதில் அப்படியே நிற்கிறது. அம்மா கொழுந்து பறித்தவர், நர்சரி வேலை எனக்குத் தெரியாது.

ஆமாம் அக்கா, அந்தூரியம் தும்புத்தூளும் செங்கல் துண்டும் கரியும் கலந்து போட்டதுதான். இன்று இரண்டு சாடிகளைத் தூக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, நல்ல கனம். இவ்வளவு நாளும் தேவைக்கு அதிகமாகத்தான் குடித்திருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. வல்லாரைப் பேசினை இன்னொரு பெரிய தட்டில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வைக்கலாமா? பேசினின் அடியில் துளைகள் இருக்கின்றன. மற்றது, பக்கத்து வீட்டு அம்மா தானாகவே வந்து, வாரம் இரண்டு தரம் வருகிறேன், சாவியைக் கொடு என்று கேட்டுவிட்டார். வேண்டாம் என்றால் மனம் நோவார். அவருக்கு என்ன சொல்லி வைப்பது?


கொசுவலை, கண்டி

தட்டில் தண்ணீரைத் திறந்து வைக்க வேண்டாம் அக்கா. பண்டாரவளைக் குளிருக்கு நுளம்பு குறைவு என்று விட்டுவிட முடியாது, பகலில் நல்ல வெப்பம் இருக்கிற மாதம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் இல்லாத ஒரு மாதத்தில் எத்தனை தலைமுறை வரும் என்று பாருங்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வீட்டில் குடம்பி இருந்தால் வழக்குப் போடலாம். சட்டத்தைவிட, கைக்குழந்தையோடு மகள் உங்கள் வீட்டுக்கு வந்து தங்கப் போகிறாள் என்பதை நினையுங்கள்.

அதற்குப் பதில் தட்டை ஆற்று மணலால் நிரப்பி, மணல் மட்டத்துக்குக் கீழேயே தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, பேசினை மணலில் அழுத்தி உட்கார வையுங்கள். மணல் வழியாக ஈரம் ஏறும், தண்ணீர் முகம் தெரியாது. நீல பெரலுக்கும் மூடி சரியாக இல்லாவிட்டால் மெல்லிய வலைத்துணி கட்டி ரப்பர்ப் பட்டி போட்டு இறுக்குங்கள். கூரைப் பீலியில் இலை அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் போங்கள்.


நர்சரிக்காரி, அப்புத்தளை

கண்டித் தம்பி சொன்ன மணல் தட்டு நல்ல யோசனை. நர்சரியிலும் மணல் படுக்கையில் சாடி அடுக்குவது உண்டு. வல்லாரைக்கு வேறெதுவும் வேண்டாம். இலையை மட்டும் நிலமட்டத்துக்கு அறுத்துச் சம்பல் போட்டுவிட்டுப் போங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் தங்கச்சி. வாடிய செடியைக் காப்பாற்றலாம். அன்பால் தினமும் ஊற்றி அழுகின செடியை ஒன்றும் செய்ய முடியாது. காற்று மறைவில், நெருக்கி வைத்த பிறகு சாடி மெதுவாகத்தான் காயும். பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. மேலே காய்ந்ததைக் கண்டால் மனம் கேட்காமல் ஒரு கோப்பை ஊற்றுவார்கள்.

வாயால் சொன்னது மறக்கும். ஊற்றக் கூடாத சாடிகளில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கள்ளி, கூடாரத்தில் உள்ள அந்தூரியம், இரண்டும் சிவப்பு. ஊற்ற வேண்டியதில் பச்சைத் துணி. பியூஷியா, மணல் தட்டு, இவ்வளவுதான். ஒரே கோப்பையை அங்கேயே வைத்து, பியூஷியா ஒவ்வொன்றுக்கும் இந்தக் கோப்பையால் ஒன்று, தட்டுக்கு மணல் ஈரமாகும் வரை என்று காட்டிக் கொடுங்கள். பச்சைத் துணிச் சாடிகளை எல்லாம் படிக்கட்டின் அடிப்பக்கம், ரோட்டை ஒட்டிய மதிலின் நிழலில் வைத்தால் அவர் படியேறவே வேண்டியதில்லை. சாவியும் தேவைப்படாது. அவருக்கும் முழங்கால் தப்பும்.

கூடாரத்தை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் விட்டால், எந்தப் பக்கம் காற்று தூக்குகிறது, எந்த நேரம் வெயில் எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். திரி, சேலைன், எதுவானாலும் இதே விதிதான். பஸ் ஏறுகிற அன்று காலையில் முதன்முதலாகப் போட்ட எதையும் நம்பக் கூடாது.


சாரல்காடு, வட்டவளை

நர்சரி அம்மா, மலை என்றால் எல்லாம் ஒரே மலை என்றுதான் எழுதினேன். விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. எங்கள் பக்கம் ஜனவரி தொடக்கம் மார்ச் வரை மழை குறைவு. அந்த மாதங்களில் போனால் நாங்களும் இப்படிக் கூடாரம் போடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?


நர்சரிக்காரி, அப்புத்தளை

சரிதான் தம்பி. உங்கள் வறட்சிக் காலம் அது. ஆனால் நானுஓயா, நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேகமில்லாத இரவில் அங்கே பனி உறைந்து இலை கருகும். சாடிகளைத் திறந்தவெளியில் விடாமல் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்து, மேலே சாக்குப் போட வேண்டும். பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டின இடம் கருகிவிடும்.


அந்தூரியம் அம்மா, பண்டாரவளை

கூடாரம் போட்டாயிற்று. கம்புக்குப் பதில் பழைய கொசுவலைக் கம்பி கிடைத்தது. இன்று காலை உட்பக்கம் தண்ணீர் கோர்த்திருப்பதைப் பார்த்தேன் அக்கா, நீங்கள் எழுதியது போலவே. பியூஷியாவையும் வெட்டிவிட்டேன். வெட்டிய தண்டுகளைக் குப்பையில் போட மனம் வராமல் மணலில் குத்தி அதையும் கூடாரத்துக்குள் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் எப்படித் திறப்பது? உடனே விறாந்தைக்கு எடுக்கலாமா?


நர்சரிக்காரி, அப்புத்தளை

குத்தி வைத்தது நல்ல வேலை. அதில் பாதிக்கு மேல் பிடிக்கும்.

உடனே எடுக்காதீர்கள். ஒரு மாதம் ஈரக்காற்றில் இருந்த இலை மெல்லியதாகிவிடும், செப்டம்பர்க் காற்றுப் பட்டால் ஒரே நாளில் ஓரம் கருகும். வந்த அன்று ஒரு மூலையை மட்டும் தூக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு பக்கம். அப்புறம் காலையிலும் மாலையிலும் முழுக்கத் திறந்து, மத்தியானம் மூடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பழகிவிடும், பிறகு விறாந்தைக்கு எடுக்கலாம். உரமும் அதற்குப் பிறகுதான்.

ஏதாவது ஒரு சாடி சுத்தமாகக் காய்ந்து இலேசாகிவிட்டிருந்தால் மேலிருந்து ஊற்றாதீர்கள். மண் சுருங்கிச் சாடியை விட்டு விலகியிருக்கும், ஊற்றுகிற தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும். வாளியில் தண்ணீர் எடுத்துச் சாடியை விளிம்பு வரை அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, நிழலில் வடிய விடுங்கள். இலை எல்லாம் கொட்டியிருந்தாலும் எறிய வேண்டாம். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இருந்தால் மூன்று வாரம் பொறுங்கள்.